இடது பக்கத்து டயர்கள்

"விரல விட்டுப் பாருங்க டீச்சர்" என்கிறார் டயர் கடை பரீத் பாய். விடுகிறேன். டயரின் பள்ளத்தில் என் சுட்டுவிரல் நகம் பாதிகூட மறையவில்லை. வாங்கிய புதிதில் இந்தப் பள்ளத்தில் சேறு அப்பிக்கொண்டால் குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும், என் கணவர் மலைமேல் இருக்கும் எங்கள் காபித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்ததும் வாசலில் குந்தி உட்கார்ந்து நோண்டிக்கொண்டிருப்பார், தோட்டத்து மண் என்று அதை ரோஜாத் தொட்டியில் போடுவார். இப்போது சேறு ஒட்டிக்கொள்ள இடமில்லை. வண்டியை நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து பேசும்போது மகள் எஸ்.யூ.வி என்பாள், எங்களுக்கும் மலைக்கும் அது ஜீப்தான். அது தரை தொடாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக்காளை, இந்தக் கடையில் டயர் கழற்றி மாட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், ஒவ்வொரு நட்டாகக் கழற்றித் தகரத் தட்டில் போடுகிறார், ஒவ்வொன்று விழும்போதும் என் தோள் துள்ளுகிறது. என் கணவருக்குத் துள்ளவில்லை. இவர், ரிட்டயர்டு சர்வேயர் தனிஸ்லாஸ், கடைக்குள் மின்விசிறிக்குக் கீழே நீல நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். வந்து அரை மணி நேரமாகிறது, பக்கம் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்ப்பது தெரியாமல் பார்ப்பது எப்படி என்று இந்த ஏழு மாதத்தில் நன்றாகப் பழகிவிட்டது. "இன்னொரு மழைக்கு இதுலயே மலை ஏறியிருந்தீங்கன்னா" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார் பரீத் பாய். அவருடைய அக்கா ஜமீலா என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், அந்த மரியாதையில் வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார். முடிக்காத வாக்கியத்தை நான் முடித்துக்கொள்கிறேன். வீட்டிலும் இப்போது எனக்கு அதுதான் வேலை.

சுவரில் இரண்டு புது டயர்களைச் சாய்த்து வைத்திருக்கிறார். ஒன்று ரோட்டு டயர், கோடுகள் நேராக, அடக்கமாக, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போல. இன்னொன்று ரோட்டுக்கும் மண்ணுக்கும் சேர்த்து ஓடுவது, பட்டன்கள் கட்டை கட்டையாக, ஓரம் வரைக்கும் இறங்கி, பார்க்கும்போதே எதையோ கவ்வப் போவது போல. "இது கல்லுல கிழியாது டீச்சர், சைடு மூணு மடிப்பு. ஆனா தார் ரோட்டுல உம்முனு ஒரு சத்தம் வரும். அது சத்தம் வராது, மழையில தார் ரோட்டுல நல்லா புடிக்கும், சேத்துல ஏத்துனா வழுக்கும். நீங்க சொல்லுங்க, ரோடு எவ்வளவு, மண்ணு எவ்வளவு?" இவரிடம்தான் முதலில் கேட்டார். இவர் செய்தித்தாளை இறக்காமல், "செல்வத்தையே கேளு பாய், பக்கத்துல உக்காந்து வர்றவளுக்குத்தான சத்தம் கேக்கும்" என்றுவிட்டார். முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்த மனிதர், எதற்கும் என்னைக் கேட்டதில்லை, ஒரு மண்வெட்டிப் பிடி வாங்கக்கூடக் கையில் உருட்டி, தூக்கிப் பார்த்து, கண்ணை இடுக்கி நேர் பார்த்துத்தான் வாங்குவார். டயர் விஷயத்தை என்னிடம் விடுகிறார் என்றால் டயரின் ஓரத்தில் பொறித்திருக்கும் அந்தச் சின்ன எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார். அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. எனக்கு இப்போது எல்லாம் அப்படித்தான் தோன்றுகிறது. தார் ரோடு நாற்பது கிலோமீட்டர் பாய், அதற்கு மேல் மண் ரோடு ஐந்து கிலோமீட்டர். சொல்லிவிட்டேன். நாற்பதும் ஐந்தும். ஆனால் பயத்தைக் கிலோமீட்டரில் பிரித்தால் கணக்கு வேறு மாதிரி வரும். நாற்பதில் இருப்பது பிறருக்கான பயம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், கொய்யாக்கூடைக்காரிகள், ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் கிழவர்கள். ஐந்தில் இருப்பது எங்களுக்கான பயம், அதுவும் இடது பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு. இடது. இந்தச் சொல்லை நான் வீட்டில் சொல்வதில்லை. சித்திரையிலிருந்து சொல்வதில்லை.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குக் கிளம்பும்போது தலை சுற்றுகிறது என்று கட்டிலில் சாய்ந்தார், மதியம் வரை எழுந்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், பித்தம் என்றார். பித்தம்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன், நம்புவதற்கு அது எளிதாக இருந்தது. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னைக்குப் பொரியல் வைக்கலயா?" என்றார். பொரியல் தட்டில் இருந்தது. இடது பக்கம். வலது பாதிச் சோறு துடைத்துச் சாப்பிட்டிருந்தது, நடுவில் கோடு கிழித்தது போல, அந்தப் பக்கம் சோறும் பீன்ஸ் பொரியலும் வைத்தபடி அப்படியே. விளையாடுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கப் போனேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை, பொரியல் இல்லாத ஒரு மனிதரின் சாதாரண முகம்தான் இருந்தது. நான் சமையலறைக்குப் போய், வெறும் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டுத் திரும்பி வந்து, தட்டைச் சுற்றி வைத்தேன். "இந்தாங்க, மறந்துட்டேன்." சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும், இரண்டு வேளையும், பாதியில் தட்டைச் சுற்றி வைக்கிறேன். ஏன் சுற்றுகிறாய் என்று அவர் கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குப் பயம். தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்து கேட்கவில்லையா. கண்ணில் ஒன்றுமில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கமாகத் திரும்பினால் தெரிகிறது, திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குள் அழிந்துவிட்டது போல. மலையில் ஒரு பாறைமேல் ஏறி நின்று, அளவுச் சங்கிலி பிடிக்காமலே, அங்கிருந்து அந்த ஓடைக்கு இத்தனை லிங்க், இத்தனை சங்கிலிக் கண்ணி என்று சொல்வார், அளந்தால் அரை லிங்க் வித்தியாசம் இருக்காது. மற்ற சர்வேயர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். உலகத்தில் பாதியை யாரோ பிடுங்கிக்கொண்டதை அந்த மனிதரிடம் போய் நான் எப்படிச் சொல்வது. ஒருமுறை ஆரம்பித்தேன். "ஏங்க" என்றேன். "என்ன?" என்று நிமிர்ந்தார். அந்த நிமிர்தலில் இருந்தது கோபம் இல்லை. நான் சொல்லப் போவது என்னவென்று தெரிந்த ஒருவரின் பயம். பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம் என்றேன்.

"ஸ்டெப்னியையும் மாத்திருங்க டீச்சர்" என்கிறார் பரீத் பாய், வண்டியின் பின்னாலிருந்து கழற்றிய ஐந்தாவது டயரைத் தட்டி. "ஒரு நாளும் தரையில பட்டதில்ல, பட்டன் அப்படியே இருக்கு, ஆனா நம்ப முடியாது. இந்தாங்க, செஞ்ச தேதி பாருங்க. வாரம், வருசம். ஓடாமயே கிடந்தாலும் ரப்பரு காஞ்சுரும்." விரலால் தடவுகிறேன், நான்கு எண்கள், அவற்றைச் சுற்றி நரம்பு போல மெல்லிய வெடிப்புகள். எட்டு வருஷம் வண்டியின் முதுகில் ஏறிக்கொண்டு மலைக்கும் கீழுக்கும் போய்வந்ததைத் தவிர இது வேறொன்றும் செய்யவில்லை. மாற்றிவிடுங்கள் என்கிறேன். எது போடுவது என்றுதான் தெரியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன், ரோட்டு டயர்தான் போட வேண்டும், சேற்றில் ஏறாது, ஏறாவிட்டால் மலைக்குப் போக முடியாது, போக முடியாவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. டயரே சொல்லிவிடும். வாயைத் திறக்காமல் ஒரு மனிதனை வீட்டில் உட்கார வைக்கலாம் என்று கள்ளத்தனமாக நினைத்திருந்தேன். ஆனால் இங்கே நின்று இந்தக் கோடு போட்ட டயரைத் தொட்டுப் பார்க்கும்போது அந்தக் கணக்கு தப்பு என்று தெரிகிறது. இவர் நிற்க மாட்டார். காபிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது, ஐப்பசி மழை பிடித்துவிட்டது, வியாழக்கிழமை வியாழக்கிழமை தோட்டத்துக்குப் போவது இவருக்கு ஞாயிறு பூசை போல, இந்த டயரை வைத்துக்கொண்டும் போவார். சேற்றில் வழுக்கும். நிற்கும் பொருளைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு அதிகம், வழுக்கத் தொடங்கிவிட்டால் குறைந்துவிடும், ஆகவே வழுக்கியதை நிறுத்துவது கடினம், இதை முப்பது வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுத்தேன், மதிப்பெண் இரண்டு. அப்படியானால் கவ்வும் டயரைப் போடலாம். போட்டால் தைரியம் வரும், இன்னும் மேலே போவார், மிளகுக்கொடிப் பாதை வரைக்கும் ஏற்றுவார், அங்கே இடது பக்கம் ஒரு புல்கூட இல்லை, காற்றுதான். இந்த டயர் கல்லைக் கவ்வும், சேற்றைக் கவ்வும், காற்றை எப்படிக் கவ்வும். இடது பக்கம் பார்க்கிற டயர் ஏதாவது இருக்கிறதா பாய் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. சிரித்துவிடுவார்.

சித்திரைக்கு முன்னால் நான் மலைக்கு அதிகம் போனதில்லை. இப்போது ஒரு வியாழனும் விடுவதில்லை, எனக்கும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். ஓட்டுகிறவருக்கு இடது பக்கத்து இருக்கை. இவர் உலகத்தில் இல்லாமல் போன பக்கத்தில் இடுப்புப்பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். வாயை மூடுவதில்லை. "அந்தப் பூவரசு எவ்வளவு பெருசாயிருச்சு பாருங்க" என்றால் ஓரத்தில் மரம் வருகிறது என்று அர்த்தம். "அடடே, கொய்யா நல்லா பழுத்திருக்கு" என்றால் கூடைக்காரி. அவர் என் குரல் வரும் பக்கமாகத் தலையைத் திருப்புவார், திரும்பியதும் தெரியும், கை தானாக வளைக்கும். வழிநெடுக ஒன்று விடாமல் வியந்துகொண்டே வருகிறேன். "வயசாக ஆக உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று ஒருநாள் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால், கானல்காட்டு வளைவில், நான் ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தேன். தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான். பாட்டிலை இறக்கும்போது கண்ணாடிக்கு மிக அருகில் ஒரு ஊதாக் குடை. குடைக்குக் கீழே ஒரு பிள்ளை, பள்ளிக்கூடப் பை, வெள்ளை ரிப்பன். "குடை" என்றேன், வேறு சொல் வரவில்லை. இவர் திரும்பினார், வண்டி விலகியது, குடைக்கம்பி கதவில் கிரீச்சென்று கடைசி வரைக்கும் கோடு இழுத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை குடையை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது, வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டினோம் என்று நினைத்துவிட்டது. "என்ன குடை?" என்றார் இவர். "நல்ல ஊதா" என்றேன். மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்தக் குடை இன்னும் மடங்கவில்லை. தட்டைச் சுற்றும்போது விரிகிறது, செபமாலை உருட்டும்போது விரிகிறது, இதோ சின்னக்காளை டயரை உருட்டிக்கொண்டு போகும்போது அதன் வட்டத்தில் விரிகிறது. குடை விரிந்திருக்கிறது, கீழே பிள்ளை இல்லை. அப்படி ஒருநாள் நடந்தால் அதைச் செய்தது யார். பார்க்க முடியாதவரா, பார்த்துக்கொண்டே நல்ல ஊதா என்றவளா.

எனக்கும் ஓட்டத் தெரியும். தெரிந்திருந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, இதே மண் ரோட்டில், பழைய ஜீப்பில், மழைக்குப் பின், நான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் என்ஜின் நின்றது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை, நிற்கிற சக்கரத்தோடு பின்னால் போனது, மெதுவாக, யாரோ கோரைப் பாயைப் பிடித்து இழுப்பது போல. அவள் பாட்டை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இவர் ஓடிவந்து, மகளை இறக்கிவிட்டு, மரத்தைத் தட்டிக் கொடுத்து, "இதுக்கு ஒரு நன்றி சொல்லு" என்றார் என்னிடம், வேறொன்றும் சொல்லவில்லை. அன்று ஓட்டுகிற இருக்கையிலிருந்து இறங்கியவள்தான் நான். இருபத்துநாலு வருஷமாகிறது. ஆனால் ஆனி மாதம், தலைசுற்றல் வந்து இரண்டு மாதம் கழித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய் லைசென்சைப் புதுப்பித்து வைத்தார். எதற்கு இப்போது என்றேன். "இருக்கட்டும், போட்டோ போட்ட அட்டை ஒண்ணு, எங்கயாவது கேட்டாக் காட்டலாம்ல" என்றார். அட்டை என் கைப்பையில்தான் இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது, இந்த ரப்பர் வாசனைக்கு நடுவில், ஏன் தோன்றுகிறது.

கழற்றிய நான்கையும் சின்னக்காளை சிமெண்டுத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார். வலது பக்கத்து இரண்டும் ஒரு புறம், இடது பக்கத்து இரண்டும் ஒரு புறம். பரீத் பாய் குனிகிறார். குனிந்தவர் நிமிரவில்லை. ஏழு மாதமாக மரத்துக்கும் கூடைக்கும் குடைக்கும் நான் வியந்துகொண்டே வந்தேனே தவிர, இந்தச் சக்கரங்களின் வாயை யாரால் அடைக்க முடியும் என்று யோசித்ததே இல்லை. இடது பக்கத்து இரண்டின் ஓரங்களும் பூனை பிறாண்டிய சோபா போல் கிழிந்து கிடக்கின்றன. உள்ளே நூல் தெரிகிறது. ரிம்மின் உதடு ஓரிடத்தில் மடங்கியிருக்கிறது. "இதென்ன டீச்சர்" என்கிறார். "தேய்மானம்னா நாலும் தேயணும். வலது ரெண்டுலயும் ஓரம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புன பிள்ள மாதிரி சுத்தமா இருக்கு. இடது ரெண்டு கல்லு, சொவரு, பாலத்துக் கட்ட எல்லாத்துலயும் ஒரசியிருக்கு. இதோ, இந்த வெட்டு இன்னும் நூலளவு உள்ள போயிருந்தா ஓடும்போதே வெடிச்சிருக்கும்." சின்னக்காளை பீடித் துண்டைக் காதில் சொருகிக்கொண்டு வந்து பார்க்கிறார். "இது ரெண்டு டிரைவர் ஓட்டுன வண்டி பாய். வலது பக்கத்த ஒருத்தரு ஓட்டிருக்காரு, இடது பக்கத்த அவரு மச்சான் ஓட்டிருக்காரு." "சும்மா இருப்பா" என்கிறார் பரீத் பாய், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு வந்த வேகத்தில் போயும்விட்டது. முகம் மாறுகிறது. கண்ணாடிக்கு அப்பால் நீல நாற்காலியைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். தெரிந்துகொண்டுவிட்டார். ஆயிரம் டயர் பார்த்தவர், யாருக்குத் தூக்கம் வருகிறது, யார் குடிக்கிறார், யார் கோபத்தில் பிரேக் அடிக்கிறார் எல்லாம் ரப்பரில் படித்துவிடுவார் போலிருக்கிறது. மெதுவாகக் கேட்கிறார். "வண்டிய யாரு டீச்சர் ஓட்டுறது? சார்தான?"

செய்தித்தாள் இறங்குகிறது. இவர் எங்களைப் பார்க்கிறார், எங்களை என்றால் அவருக்கு வலது பக்கம் நிற்கும் பரீத் பாயையும் சின்னக்காளையையும், நான் இடது பக்கம் நிற்கிறேன், என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றன. ஆமாம் என்று சொல்வாரோ. ஆமாம் என்றால் பரீத் பாய் சொல்லிவிடுவார், நல்ல மனிதர், சொல்லாமல் விடமாட்டார், கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க சார் என்பார், இனி ஓட்டாதீங்க என்பார், இந்தச் சிமெண்டுத் தரையில், பீடி நாற்றத்தில், சின்னக்காளை பார்த்துக்கொண்டிருக்க, மலையையே கண்ணால் அளந்த மனிதருக்கு அது இப்படியா தெரிய வேண்டும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை வரும். குடை விரிகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம், ஒரு நகத்தின் பாதி இருக்குமா. "நான்தான்" என்கிறேன். என் குரல்தான், வகுப்பறைக் குரல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது. "நான்தான் ஓட்டுறேன் பாய். சித்திரையிலேருந்து." சித்திரை என்ற சொல் வெளியே போனதும் இவர் தலை திரும்புகிறது. முழுதாகத் திரும்புகிறது, என் பக்கம், நான் நிற்கும் அந்த இல்லாத பக்கம். திரும்பி என்னைக் கண்டுபிடிக்கிறார். மாதத்தோடு சொல்லிவிட்டேன். பொரியல், தட்டு, பூவரசு, நல்ல ஊதா, எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்தின் பெயரில் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தகரத் தட்டில் கிடக்கும் நட்டுகளை எண்ணுகிறேன், ஐந்து வரைக்கும் எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம். நான்காக, எட்டாக, மடிக்க முடியாத அளவுக்கு மடிக்கிறார். "ஆமா பாய்" என்கிறார். "அவதான்." பரீத் பாய் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கிழிந்த டயரைக் காலால் ஓரமாகத் தள்ளுகிறார். "அப்படின்னா சரிதான். புதுசா ஓட்டுறவங்களுக்கு இடது பக்கத்துக் கணக்கு சீக்கிரம் புடிபடாது. எங்க வீட்லயும் அப்படித்தான், வாசக் கேட்டு முழுக்க அவ போட்ட கோடுதான்" என்கிறார். பிறகு, "எதப் போட டீச்சர்?" ஓட்டப் போகிறவளிடம் கேட்பது போலக் கேட்கிறார். அந்தக் கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது. சேற்றில் நின்ற சக்கரத்தோடு பின்னால் போனேனே, அந்த இழுப்பு முதுகுத்தண்டில் ஏறுகிறது. "கவ்வுறதப் போடுங்க. அஞ்சுக்கும்."

காற்றுப் பிடிக்கும் சத்தம், பேலன்சிங் மெஷின் சுற்றும் சத்தம், ஜாக்கி ஒவ்வொன்றாக இறங்குகிறது, வண்டி மூச்சு விட்டது போலத் தரையில் அமர்கிறது. முன்னைவிட உயரமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. சின்னக்காளை நான்கு எலுமிச்சம்பழங்களோடு வருகிறார், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைக்கிறார். "பாய் கடையில பழமா?" என்கிறேன். "அது என் டிபார்ட்மெண்டு டீச்சர். பாய் துவா பண்ணுவாரு, நான் பழம் வைப்பேன், நீங்க சிலுவ போட்டுக்கங்க, எதுக்கு ஒண்ணுலயும் கொற வைக்கணும். ஒரே ஏத்து, நிக்காம போயிரணும்." சாவி பரீத் பாயிடம் இருக்கிறது. நீட்டுகிறார். இவருக்கும் எனக்கும் நடுவில் நீட்டவில்லை, நேராக என்னிடம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்கிறேன். ஒரு கணம், ஒரே கணம், இவர் கை பழக்கத்தில் எழுகிறது, எழுந்து சட்டைப் பைக்குப் போய்க் கண்ணாடிக் கூட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. பிறகு நடக்கிறார். வண்டியின் முன்புறமாகச் சுற்றி, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே, இருட்டில் நடப்பவர் போல அதைத் தடவிக்கொண்டே, இடது பக்கத்துக் கதவுக்குப் போகிறார். அங்கே கதவில் கடைசி வரைக்கும் அந்தக் குடைக்கம்பிக் கோடு. அவர் விரல் அதைத் தொடுகிறது. நிற்கிறது. கோட்டோடு கூடவே போய்க் கைப்பிடியைக் கண்டுபிடிக்கிறது. நான் உதவப் போகவில்லை. போகக் கூடாது என்று எதுவோ பிடித்து நிறுத்துகிறது.

ஏறி உட்கார்கிறேன். இருக்கை அவர் உயரத்துக்கு இருக்கிறது, கால் எட்டவில்லை, எதை இழுத்தால் முன்னால் வரும் என்று தெரியவில்லை. "கீழ, நடுவுல, கம்பி ஒண்ணு" என்கிறார். இழுக்கிறேன், வருகிறது. கிளட்சை மிதிக்கிறேன், சாவியைத் திருகுகிறேன். என்ஜின் உறுமுகிறது. வெளியே பைபாஸ், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாமே என்னை நோக்கித்தான் வருவது போல. இருபத்துநாலு வருஷம் தரையில் படாத ஒருத்தி. ரப்பர் காய்ந்திருக்கும். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழு மாதமாக வண்டியில் இந்த மனிதர் என்னைப் பார்த்ததில்லை, என் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று நான் அவருக்கு வலது பக்கம் இருக்கிறேன், திரும்பாமலே தெரிகிறேன். "உனக்குக் கை நடுங்குது செல்வம்" என்கிறார். "ஆமா" என்கிறேன். "எனக்குப் பயமா இருக்கு." சொன்ன பிறகும் பயம் குறையவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. வெளியே சின்னக்காளை கையை ஆட்டுகிறார், ஏத்துங்க டீச்சர், ஏத்துங்க. கிளட்சை விடுகிறேன். பச்சென்று முதல் பழம். அவர் காதைச் சாய்க்கிறார். "எங்க?" "இடது பக்கம்" என்கிறேன். ஏழு மாதம் வீட்டில் சொல்லாத சொல். "உங்களுக்கு இடது பக்கம், முன்சக்கரம். எலுமிச்சம்பழம்." அவர் தலையாட்டுகிறார். அந்தப் புளிப்பு வாசனை உள்ளே வருகிறது. தார் விளிம்பில் பிரேக்கை மிதிக்கிறேன், சக்கரம் நிற்கிறது, வண்டியும் நிற்கிறது. வீட்டுக்குப் போக ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவர் முன்னால் சாய்ந்து, என்னைத் தாண்டி, என் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கிறார். "வலது பக்கம் நான் பாத்துச் சொல்றேன்" என்கிறார், நிலம் அளக்கும்போது சங்கிலிக்காரனுக்குச் சொல்லும் அதே சமமான குரலில். "ஒரு லாரி வருது, போகட்டும்." லாரி போகிறது, வண்டி ஆடுகிறது. "இப்ப காலி." பிறகு, தன் தோளை உரசிக்கொண்டிருக்கும் கதவையும், கதவுக்கு அப்பால் இருக்கும் அத்தனையையும், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டுகிறார். "அந்தப் பக்கத்த நீ பாத்துக்க."

பார்க்கிறேன்.